மலைப்பாதையில் ஒளிக்கோடுகள்: அந்தி வேளையில் படம் எடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலைப்பாதையில் வண்டிகள் ஏறி இறங்கும்போது அவற்றின் விளக்குகள் இழுத்துச் செல்லும் சிவப்பு, வெள்ளைக் கோடுகளைப் படமாக்க விலை உயர்ந்த கேமரா வேண்டியதில்லை. ஷட்டர் நேரத்தை நாமே வைக்க முடிகிற ஏதாவது ஒரு கேமரா, ஆடாத டிரைபாட், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். ஆனாலும் புதிதாக எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கோடு நன்றாக வந்தால் மலை கருப்பாகப் போய்விடுகிறது. மலை தெரிந்தால் கோடு வெளிறிவிடுகிறது. ஷட்டர் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறார்கள், சரியாவதில்லை. காரணம் தெரிந்துவிட்டால் இது அவ்வளவு சிரமமில்லை. அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

ஒரே படத்துக்குள் இரண்டு கணக்கு

மலை, மரம், வானம், தார்ச்சாலை எல்லாம் அசையாமல் இருப்பவை. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க அவற்றின் ஒளி சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) அதே இடத்தில் விழுந்து சேர்ந்துகொண்டே இருக்கும். நேரத்தை இரண்டு மடங்காக்கினால் அவையும் இரண்டு மடங்கு வெளிச்சமாகும்.

வண்டி விளக்கு அப்படி இல்லை, அது ஓடிக்கொண்டே இருக்கிறது. சென்சாரின் ஒரு புள்ளியை அது தொட்டுக் கடந்துவிட ஒரு நொடியில் சிறு பங்கு போதும். அந்தச் சிறு பங்கில் விழுந்த ஒளிதான் அந்தப் புள்ளிக்குக் கிடைப்பது. அதற்குப் பிறகு ஷட்டர் 10 நொடி திறந்திருந்தாலும் சரி, 2 நிமிடம் திறந்திருந்தாலும் சரி, அந்தப் புள்ளியில் கோட்டின் பிரகாசம் கூடாது. கோட்டின் நீளம்தான் கூடும்.

ஆக, கோடு எவ்வளவு பிரகாசமாக வரும் என்பதை முடிவு செய்வது அப்பர்ச்சரும் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு) ஐஎஸ்ஓவும் (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்). மலையும் வானமும் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதை அந்த இரண்டோடு ஷட்டர் நேரமும் சேர்ந்து முடிவு செய்கிறது. அப்பர்ச்சரை எஃப் எண்ணால் குறிப்பார்கள், எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். எஃப்/8, 30 நொடியில் எடுத்த படத்தையும் எஃப்/11, 60 நொடியில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மலை இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். கோடு மட்டும் இரண்டாவதில் பாதிப் பிரகாசத்தில், ஆனால் இரண்டு மடங்கு நீளத்தில் இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைக் கையில் பிடித்துக்கொண்டால் களத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் இதிலிருந்தே வரும்.

இதையே கொஞ்சம் நீட்டினால் இன்னொன்றும் புரியும். மெதுவாகப் போகும் வண்டி அதே புள்ளியில் கூடுதல் நேரம் தங்குவதால் அதன் கோடு பிரகாசமாக வரும். நேர்ப்பாதையில் மெல்லியதாக இருக்கும் கோடு கொண்டை ஊசி வளைவில் தடித்துப் பளிச்சென்று தெரிவது அதனால்தான்.

இடம் பார்ப்பது

படத்தின் பாதி இதில்தான் இருக்கிறது. சாலையின் மட்டத்தில் நின்றால் பக்கத்து வளைவு மட்டுமே தெரியும். மற்றவை மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். சாலையைவிட உயரமான இடத்தில் நின்று கீழே பார்த்தால்தான் சாலையின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் இந்த வகைப் படங்களுக்குப் பெயர் பெற்றது. 2757 மீட்டர் உயரத்திலிருக்கும் அந்தக் கணவாயின் ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் அங்கே எடுக்கிறவர்களும் 48-ஐயும் ஒரே ஃப்ரேமில் அடைக்கப் பார்ப்பதில்லை. உங்களுக்கு இரண்டு மூன்று வளைவுகள் முழுசாகத் தெரிந்தால் போதும். பத்து வளைவு துண்டு துண்டாகத் தெரிவதைவிட அது நல்ல படம்.

பகலிலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். மொபைலில் சும்மா ஒரு படம் எடுத்து, சாலை எங்கே ஃப்ரேமுக்குள் நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது, நடுவில் எந்த மரம் மறைக்கிறது என்று கவனியுங்கள். கண் அந்த மரத்தைத் தாண்டிப் பார்த்துவிடும். கேமராவோ அந்த இடத்தில் கோட்டை வெட்டிவிடும். ஓரடி தள்ளி நின்றால்கூட சில சமயம் அந்த வெட்டு மறைந்துவிடும்.

எந்தக் கோணத்தில் பார்க்கிறீர்கள் என்பது நிறத்தையும் மாற்றுகிறது. உங்களை நோக்கி வரும் வண்டி ஹெட்லைட்டைக் காட்டும், அதாவது வெள்ளைக் கோடு. வளைவில் திரும்பி உங்களுக்கு முதுகு காட்டிப் போகும்போது அதே வண்டி டெயில் லைட்டைக் காட்டும், சிவப்புக் கோடு. மடிப்புகளுக்குச் சற்றுப் பக்கவாட்டில் நின்றால் ஒரே வண்டி ஒரு மடிப்பை வெள்ளையாகவும் அடுத்ததைச் சிவப்பாகவும் வரைந்துகொண்டே போவதைப் பார்க்கலாம். இந்தக் காட்சி கிடைக்கிற இடம் அமைந்தால் வேறு இடம் தேடவே வேண்டாம்.

வளைவில் திரும்பும் வண்டியின் ஹெட்லைட் நேராக உங்கள் லென்ஸுக்குள் அடிக்கிறதா என்பதையும் பாருங்கள். பிரைட்டில் வரும் வண்டி ஒன்று போதும், ஃப்ரேமின் ஒரு மூலை முழுக்க வெள்ளைப் புகையாகிவிடும். கொஞ்சம் மேலே ஏறினாலோ ஒரு பாறைக்குப் பின்னால் நகர்ந்தாலோ இதைத் தவிர்க்கலாம். லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். ஹெட்லைட்டின் ஒளி ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் இடையே எதிரொளித்து, படத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொட்டுகளை விட்டுச்செல்லும்.

நிற்கும் இடம் உயிருக்குப் பாதுகாப்பானதா?

இதைப் பின்னால் தள்ள எனக்கு மனமில்லை. வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்காதீர்கள். வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போகும் வண்டி அந்தப் பக்கம்தான் வரும். டிரைபாட்டின் ஒரு கால்கூடத் தாரின் மேல் இருக்கக் கூடாது. தடுப்புச் சுவருக்கு வெளியே, சரிவின் விளிம்பில் நிற்கவும் வேண்டாம். பகலில் உறுதியாகத் தெரிந்த மண் இருட்டில் காலை வாரிவிடும். வண்டியை ஓரமாக, மற்றவர்கள் திரும்ப இடம் விட்டு நிறுத்துங்கள்.

இருட்டிய பிறகு சாலையோரம் நடக்க வேண்டியிருந்தால் ஒளியைத் திருப்பி அடிக்கும் மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டிக்கொண்டு வருபவர் கண்ணில் டார்ச் அடிப்பதும் ஃபிளாஷ் போடுவதும் கூடவே கூடாது. மூடுபனி இறங்கத் தொடங்கினால் மூட்டை கட்டிவிடுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது; மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

நேரம்

நன்றாக இருட்டிய பிறகு எடுத்தால் கோடு வரும், மலை வராது. கருப்புத் தாளில் கிறுக்கியது மாதிரி இருக்கும். வானத்தில் நீலம் மிச்சமிருந்து, மலையின் உருவம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டு, வண்டிகளும் விளக்குப் போட்டிருக்கும் அந்தச் சின்ன இடைவெளிதான் நமக்கு வேண்டியது.

சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் 4 டிகிரியிலிருந்து 8 டிகிரி வரை இறங்கும் நேரம் அது. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள பகுதிகளில் சூரியன் ஏறக்குறைய நேராகவே கீழே இறங்குவதால் ஒரு டிகிரிக்கு 4 நிமிடம்தான். அதாவது சூரியன் மறைந்து 13 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரை. துருவத்தை நோக்கிப் போகப் போக சூரியன் சாய்ந்து இறங்கும். அந்தி நீளும், அவகாசமும் கூடும். போட்டோபில்ஸ் போன்ற செயலிகள் உங்கள் இடத்துக்கு, அன்றைய தேதிக்கு இந்த நேரங்களைச் சரியாகச் சொல்லிவிடும்.

மலையில் ஒரு விஷயம் புதியவர்களை ஏமாற்றும். சூரியன் பக்கத்து முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும். பள்ளத்தாக்கில் நிழல் விழுந்ததும் நேரம் வந்துவிட்டதென்று நினைத்துவிடுவோம். ஆனால் வானத்தின் வெளிச்சம் உண்மையான அஸ்தமன நேரத்தைத்தான் கணக்கில் வைத்திருக்கிறது. செயலி காட்டும் நேரத்திலிருந்தே எண்ணுங்கள்.

இன்னொன்று, வெளிச்சம் குறையும் வேகம். வானம் தெளிவாக இருந்தால் வெப்பமண்டலப் பகுதிகளில் அந்த நேரத்தில் ஏறக்குறைய 3 நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிறது. கண் அதற்கேற்பப் பழகிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. கையில் கிடைப்பது கால் மணி நேரம், ஒவ்வொரு படத்துக்கும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். அந்த நேரத்தில் மெனுவைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது. அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் பொருத்தி வைத்துவிடுங்கள்.

மேற்குப் பக்கம் பார்க்கும் ஃப்ரேமில் வானம் ரொம்ப நேரம் வெளிச்சமாக இருக்கும், பள்ளத்தாக்கோ இருண்டுவிடும். இரண்டையும் ஒரே படத்தில் பிடிப்பது கஷ்டம். முதல் முயற்சிக்குக் கிழக்கையோ வடக்கையோ பார்க்கும் இடம் கிடைத்தால் அதையே எடுங்கள். முழுநிலவு நாளிலும் அதை ஒட்டிய நாட்களிலும் நிலவு அஸ்தமனத்தை ஒட்டியே கிழக்கில் எழும் என்பதால், மலைச்சரிவில் மெல்லிய வெளிச்சம் கிடைக்க வாய்ப்புண்டு.

பையில் என்ன வேண்டும்

மேனுவல் மோட் உள்ள கேமரா, டிரைபாட், ரிமோட், கூடுதல் பேட்டரி, லென்ஸ் துடைக்கும் துணி, தலையில் மாட்டும் டார்ச். லென்ஸ் என்றால் 24-70 மிமீ தொடங்குவதற்கு வசதி. சாலை தூரத்தில் இருந்தால் 70-200 மிமீ மடிப்புகளை நெருக்கிக் காட்டும், ஆனால் காற்றில் சிறு அசைவும் அதில் பெரிதாகத் தெரியும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரியைச் சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். கருப்பு அட்டை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். என்டி ஃபில்டர் மலையின் வெளிச்சத்தோடு கோட்டின் வெளிச்சத்தையும் சேர்த்தே குறைக்கும். என்டி8 போட்டால் கோடு 3 ஸ்டாப் மங்கிவிடும் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). வெளிச்சம் நிறைய இருக்கும்போதே நீண்ட எக்ஸ்போஷர் (ஷட்டரை நெடுநேரம் திறந்து வைப்பது) எடுக்க அது உதவும்தான், ஆனால் கோடு இருந்த இடமே தெரியாமல் போகும். இந்த வகைப் படத்துக்கு இன்னும் பத்து நிமிடம் காத்திருப்பதே நல்லது.

நிறுத்தி வைப்பதும் ஃபோகஸும்

டிரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கால்களை விரித்து, முடிந்தவரை தாழ்வாக வையுங்கள். சரிவான இடத்தில் ஒரு கால் கீழ்நோக்கி இருக்கட்டும். காற்று இருந்தால் பையை நடுவில் தொங்கவிடலாம், ஆனால் அது ஊசலாடினால் இருப்பதையும் கெடுக்கும்; தரையைத் தொட்டபடி இருக்கட்டும். கேமராவின் தோள்வாரைக் கழற்றிவிடுங்கள், காற்றில் படபடக்கும். டிரைபாட்டில் வைத்ததும் லென்ஸிலும் கேமராவிலும் உள்ள ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி) அணைத்துவிடுங்கள். ரிமோட் இல்லையென்றால் 2 நொடி டைமர் போதும்.

ஃபோகஸை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். நடு மடிப்பில் உள்ள தடுப்புச் சுவரையோ சாலைப் பலகையையோ குறிவைத்து ஆட்டோஃபோகஸ் செய்யுங்கள். லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்த பிறகு மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். அதன் பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடக் கூடாது. சிலர் அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவார்கள், நல்ல பழக்கம். இருட்டிய பிறகு ஜூம் செய்ய ஆசை வந்தால், மறுபடியும் ஃபோகஸ் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பல ஜூம் லென்ஸ்களில் ஜூம் மாறினால் ஃபோகஸும் நகரும்.

நொடிகளை எண்ணுங்கள்

படம் எடுக்கத் தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு வண்டி ஃப்ரேமுக்குள் நுழைவதிலிருந்து வெளியேறுவது வரை எத்தனை நொடி என்று எண்ணுங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டர் சொச்சம் நகரும். 30 நொடியில் 250 மீட்டர். மூன்று மடிப்பும் சேர்ந்து அரை கிலோமீட்டர் இருந்தால் ஒரு வண்டி அதைக் கடக்க ஒரு நிமிடம் ஆகும். ஏறும் வண்டி ஒன்று, இறங்கும் வண்டி ஒன்று, ஒரு லாரி என்று நாலைந்து முறை எண்ணினால் உங்கள் சாலையின் கணக்கு தெரிந்துவிடும்.

எண்ணிக்கை 30-க்குள் இருந்தால் வேலை சுலபம். பெரும்பாலான கேமராக்களில் நேரடியாக வைக்கக்கூடிய அதிகபட்ச நேரம் 30 நொடிதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் நாம் மூடும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் பல்ப் மோடுக்குப் போய், ரிமோட்டின் பொத்தானைப் பூட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து மூட வேண்டும்.

முதல் படம்

மேனுவல் மோட், ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 30 நொடி. கோப்பு வகை ரா, அதாவது சென்சாரில் பதிந்ததை மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் வகை. ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சாயலை முடிவு செய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடாமல் 4000 கெல்வின் அளவில் நிறுத்துங்கள். வானம் நீலமாகவும் விளக்குகள் அவற்றின் இயல்பான நிறத்திலும் இருக்கும். வெப்பமண்டலப் பகுதியில் சூரியன் மறைந்து 20, 25 நிமிடம் ஆனபோது இந்த அமைப்பு கிட்டத்தட்டப் பொருந்தும். அதற்கு முன்பே தொடங்கினால் எஃப்/16 வரை மூடலாம், ஆனால் எஃப்/11-க்கு மேலே போகப் போக படத்தின் கூர்மை மெல்லக் குறையும்.

வண்டியின் வெளிச்சம் ஃப்ரேமின் ஓரத்தில் தெரிந்ததும் ஷட்டரைத் திறந்துவிடுங்கள். உள்ளே வந்த பிறகு திறந்தால் கோடு சாலையின் நடுவில் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும். வெளியேறும் வரை காத்திருந்து மூடுங்கள். இப்போது திரையில் பாருங்கள். மலையைத் தனியாக, கோட்டைத் தனியாகப் பாருங்கள்.

மலை இருட்டு, கோடு சரி என்றால் நேரத்தை மட்டும் கூட்டுங்கள். கோடு கெடாது. மலை சரி, கோடு மட்டும் வெளுத்துப் பட்டையாகத் தெரிகிறது என்றால் அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் மூடி, நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். மலை சரி, கோடு மங்கல் என்றால் நேர் எதிராக: ஒரு ஸ்டாப் திறந்து, நேரத்தைப் பாதியாக்குங்கள். கோடு குட்டையாகிவிடும்தான், அதற்கு வழி கீழே இருக்கிறது. மலை பளிச்சென்று இருக்கிறது, கோடு தெரியவே இல்லை என்றால் எதையும் மாற்றாதீர்கள். நேரம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஹெட்லைட் டெயில் லைட்டைவிடப் பல மடங்கு பிரகாசமானது. அதனால் வெள்ளைக் கோடுகள் நிறைய வரும் கோணத்தில் எஃப்/11 பக்கம் போக வேண்டியிருக்கும். சிவப்புக் கோடுகளே அதிகம் என்றால் எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை. இரண்டும் கலந்திருந்தால் சிவப்பைக் காப்பாற்றும்படி வையுங்கள். வெள்ளைக் கோட்டின் நடுப்பகுதி வெளுத்துப்போவதைக் கண் ஏற்றுக்கொள்ளும். சிவப்பு மங்கிப்போனால் படம் உயிரிழந்துவிடும் என்பது என் கருத்து.

நிமிடங்கள் போகப் போக மலை இருண்டுகொண்டே வரும். அப்போது ஐஎஸ்ஓவைக் கூட்டவும் அப்பர்ச்சரைத் திறக்கவும் கை போகும். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள். 30 நொடி, 60 நொடி, 2 நிமிடம் என்று போகலாம். கோட்டுக்குச் சரியான அப்பர்ச்சர் ஒருமுறை கிடைத்துவிட்டால் அது கடைசி வரை மாறாது. மாறுவது வானம் மட்டும்தான்.

வண்டி குறைவாக வந்தால்

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது கருப்பு அட்டை. பல்ப் மோடில் ஷட்டரைத் திறந்து, ஒரு வண்டி கடந்ததும் லென்ஸின் முன்னால் அட்டையைப் பிடித்து மறைத்துவிடுங்கள். அடுத்த வண்டி வரும்போது விலக்குங்கள். மறைத்திருந்த நேரத்தில் மலையில் வெளிச்சம் சேராது, ஆனால் கோடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். அட்டை லென்ஸைத் தொடக் கூடாது. எடிட்டிங் தெரியாதவர்களுக்கு இது அருமையான முறை. அட்டையை விலக்கியிருந்த நேரத்தை மட்டும் மனதில் கூட்டிக்கொண்டு வந்தால் எக்ஸ்போஷர் கணக்கும் தவறாது.

இரண்டாவது, பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்குவது. நான் பெரிதும் பரிந்துரைப்பது இதைத்தான். கேமராவைத் தொடர் படப்பிடிப்பில் வைத்து, 20 அல்லது 30 நொடி ஷட்டரோடு ரிமோட்டைப் பூட்டிவிடுங்கள். கேமரா தானாக அடுத்தடுத்து எடுத்துக்கொண்டே இருக்கும். பிறகு ஃபோட்டோஷாப்பிலோ இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப்பிலோ எல்லாப் படங்களையும் அடுக்கு அடுக்காகப் போட்டு, மேலே உள்ள அடுக்குகளை லைட்டன் முறைக்கு மாற்றினால் ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படம் பிரகாசமோ அது மட்டும் தெரியும். எல்லாக் கோடுகளும் ஒரே படத்தில் வந்துவிடும், மலை கூடுதலாக வெளுக்காது.

இதில் கவனிக்க வேண்டியவை சில. நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் (படத்தில் விழும் வேண்டாத புள்ளிகள்) குறைப்பு வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் 30 நொடிப் படத்துக்குப் பிறகு கேமரா இன்னொரு 30 நொடி தன் வேலையைப் பார்க்கும். அந்த நேரத்தில் போன வண்டியின் கோடு போனதுதான். இரண்டு படங்களுக்கு இடையே ஒரு நொடி இடைவெளி விழுந்தாலும் மணிக்கு 40 கி.மீ. வண்டியின் கோட்டில் 11 மீட்டர் வெட்டு விழும். அருகில் உள்ள சாலையில் அது தெரியும், தூரத்தில் அவ்வளவாகத் தெரியாது. அப்புறம், லைட்டன் முறையில் மிகப் பிரகாசமான படத்தின் வானமே மேலோங்கும். அது பெரும்பாலும் முதலில் எடுத்த படம். அதனால் வானமும் மலையும் அழகாக இருந்த ஒரு படத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு இருட்டில் எடுத்தவற்றை அதன் மேல் அடுக்குங்கள். மேகம் நகர்ந்துகொண்டிருந்தால் மேல் அடுக்குகளில் வானத்தை மாஸ்க் போட்டு மறையுங்கள், இல்லையென்றால் மேகம் படிக்கட்டு மாதிரி பதியும்.

ஒலிம்பஸ், இப்போது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வரும் கேமராக்களில் லைவ் காம்போசிட் என்ற வசதி இந்த அடுக்கும் வேலையைக் கேமராவுக்குள்ளேயே செய்கிறது. கோடுகள் சேர்வதைத் திரையில் பார்த்துக்கொண்டே போதும் என்று தோன்றும்போது நிறுத்தலாம்.

கோடுகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால்

எடுத்த படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள், ஒவ்வொரு கோடும் ஒரு கதை சொல்லும். இறங்கும் வண்டியின் சிவப்புக் கோடு வளைவுக்குச் சற்று முன் திடீரென்று தடிக்கும்: ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்த இடம் அது. மஞ்சளாக விட்டு விட்டு வரும் கோடு இண்டிகேட்டர். உயரத்தில் தனியாக ஓடும் கோடுகள் பேருந்து, லாரிகளின் மேல்விளக்குகள். ஃப்ரேமில் இவை வந்தால் கோடுகளுக்கு அடுக்கு கிடைக்கும், அதனால் பெரிய வண்டி வரும்போது ஷட்டரைத் தவறவிடாதீர்கள். பைக் ஒற்றைக் கோடாகப் போகும்.

சில வண்டிகளின் சிவப்புக் கோடு மட்டும் நூலில் கோத்த மணிகள்போலப் புள்ளி புள்ளியாக வரும். கேமராவில் பழுதில்லை. பல எல்இடி டெயில் லைட்டுகள் பிரகாசத்தைக் குறைக்க மிக வேகமாக அணைந்து எரிகின்றன. நம் கண்ணுக்குத் தொடர்ச்சியாகத் தெரிவது, வண்டி ஓடும்போது சென்சாரில் புள்ளிகளாகப் பதிகிறது. பிரேக் பிடித்ததும் விளக்கு முழுப் பிரகாசத்துக்குப் போவதால் அந்த இடத்தில் மட்டும் பல வண்டிகளில் கோடு தொடர்ச்சியாகிவிடும். பழைய ஹாலஜன் ஹெட்லைட் மஞ்சள் சாயலிலும் எல்இடி ஹெட்லைட் நீலம் கலந்த வெள்ளையிலும் வருவதால் ஒரே சாலையில் இரண்டு வகை வெள்ளை கிடைக்கும். எடிட்டிங்கில் இரண்டையும் ஒன்றாக்கப் பார்க்காதீர்கள், அந்த வேறுபாடு அழகு.

மொபைலில் எடுக்க

முடியும், டிரைபாட் மட்டும் கட்டாயம். ப்ரோ மோட் உள்ள பல போன்களில் 30 நொடி வரை ஷட்டர் வைக்கலாம். ஹுவாவே போன்களில் வண்டிக் கோடுகளுக்கென்றே ஒரு மோட் உண்டு. கூகுள் பிக்சலில் லாங் எக்ஸ்போஷர் இருக்கிறது. ஐபோனில் லைவ் ஃபோட்டோ எடுத்து அதை லாங் எக்ஸ்போஷராக மாற்றலாம், ஆனால் அது மூன்று நொடிக் காட்சி மட்டுமே என்பதால் அருகிலுள்ள ஒற்றை வளைவுக்குத்தான் சரிப்படும். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது. கோட்டின் பிரகாசத்தைக் கட்டுப்படுத்த ஐஎஸ்ஓ ஒன்றுதான் கையில் இருக்கும். அதைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள்.

கணினியில்

ரா கோப்பைத் திறந்ததும் ஹைலைட்டைக் கீழே இறக்குங்கள், நிழல் பகுதியைக் கொஞ்சம் மட்டும் தூக்குங்கள். மலை மலையாகத் தெரிய வேண்டும், பகல் ஆகிவிடக் கூடாது. வானத்தின் நீலத்தை ஒயிட் பேலன்ஸிலேயே சரி செய்யுங்கள். சாச்சுரேஷனை ஏற்றினால் முதலில் கெடுவது சிவப்புக் கோடுகள்தான்.

சிவப்பை எப்போதும் தனியாகச் சோதியுங்கள். சாதாரண ஹிஸ்டோகிராமில் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரியாகத் தெரியும்போதே சிவப்புச் சேனல் மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி முட்டிய இடத்தில் கோடு ஒரே ஆரஞ்சுப் பட்டையாக, உள்ளே எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் தட்டையாகிவிடும். மூன்று நிறங்களையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு ஓரத்தை விட்டு விலகும் வரை எக்ஸ்போஷரையும் சாச்சுரேஷனையும் இறக்குங்கள். களத்திலேயே கேமராவில் இந்த ஹிஸ்டோகிராமைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இன்னும் நல்லது, அங்கேயே ஒரு ஸ்டாப் மூடிவிடலாம்.

கடைசியாக, அடுக்கிய படத்தில் கோடுகள் கூடிப்போய்ச் சாலை முழுக்க ஒரே வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தால் சில அடுக்குகளின் பக்கத்திலுள்ள கண் குறியை அணைத்து, அவற்றை மறைத்துப் பாருங்கள். சாலையின் வளைவும் தடுப்புச் சுவரின் விளிம்பும் கோடுகளுக்கு நடுவே தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.